எண்பத்து மூன்று மில்லி

துறைமுகத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவளுடைய பட்டப்பெயரைக் கேட்டால் தப்பாகத்தான் நினைப்பார்கள். மில்லியக்கா என்றால் வேறு என்ன தோன்றும்? பொழுது சாய்ந்தால் மறைவாக ஊற்றிக்கொள்கிற பெண்பிள்ளை போலிருக்கிறது என்று இரண்டொருவர் கூட்டாளியைப் பார்த்த மாதிரி சிரித்தும் வைப்பார்கள். ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். "படகை எப்பக்கா தள்ளலாம்?" என்று கேட்டால், "இன்னும் நூத்தி இருபது மில்லி ஏறட்டும்" என்பாள். அவளுடைய புருஷன் கல்யாணத்துக்கு முன்னால், பேச்சு வளர்க்க ஏதாவது வேண்டுமே என்று, "நீ என் தோள் உசரம் இருப்பியா?" என்று கேட்டாராம். "ஆயிரத்து ஐந்நூத்து எண்பத்திரண்டு மில்லி" என்று பதில் வந்ததாம். மனிதர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டார்.

அவளுடைய வேலை கடல்மட்டம் அளப்பது. படகுத்துறையின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதன் நடுவே ஒரு பெரிய இரும்புக் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறது. குழாயின் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வெளியே அலை எப்படிக் குதித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் சாதுவாக ஏறும், சாதுவாக இறங்கும். உள்ளே கோடு போட்ட கம்பு ஒன்று நிற்கிறது. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதை மில்லிமீட்டர் கணக்கில் பதிவேட்டில் எழுத வேண்டும். காலையிலிருந்து மாலை வரை, மணிக்கு ஒரு தடவை. தலைமை அலுவலகம் இரண்டு தடவை தானாக எழுதும் கருவி அனுப்பிப் பார்த்தது. முதலாவதை உப்புக் காற்று ஆறு மாதத்தில் தின்றது, இரண்டாவதற்கு நாலு மாதமே போதுமானதாக இருந்தது. மில்லியக்காவை மட்டும் உப்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இருபத்து நாலு வயதில் சேர்ந்தாள். இப்போது ஐம்பத்து மூன்று. கையில் பூதக்கண்ணாடி, காதில் பென்சில். சும்மா சொல்லக்கூடாது, எள்ளென்றால் எண்ணெயாக நிற்கிறவள். இடுப்பளவு மழைத்தண்ணீரிலும் வந்து அளந்திருக்கிறாள், பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அளந்திருக்கிறாள். ஒரு தடவை துறைமுக அதிகாரி ஒருவர், ஒரு கனத்த கப்பலை உள்ளே கொண்டுவர வேண்டிய அவசரத்தில், "நாலு கோடு கூட்டி எழுதும்மா, என்ன கெட்டுப் போச்சு" என்று குழைந்தார். "கடல் எழுதச் சொன்னா எழுதறேன் சார்" என்று சொல்லிப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். அந்தக் கதையைத் துறைமுகத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அவளுடைய புத்தகத்தில் ஒரு எண் இருந்தால் அது கல்லில் வெட்டினது மாதிரி.

இப்படிப்பட்டவள்தான் பத்தொன்பது வருடம் தப்பாக எழுதினாள். சோம்பலாலும் இல்லை, எவனுக்கும் பயந்தும் இல்லை. அளவுக்கு மீறின அக்கறையால் எழுதினாள். அதுதான் இந்தக் கதை.

வேலைக்குச் சேர்ந்த ஏழாம் வருடம் படகுத்துறையைப் பழுது பார்த்தார்கள். அது முடிந்ததும் நிலமட்டம் பார்க்கும் குழு ஒன்று முக்காலியும் தொலைநோக்கியும் தூக்கிக்கொண்டு வந்தது. கரையில் பாறையில் அடித்துவைத்த பித்தளைக் குமிழ் ஒன்று உண்டு. அதற்கும் கம்புக்கும் உயர வித்தியாசம் பார்த்தார்கள். கம்பு ஆறு மில்லி கீழே இறங்கியிருந்தது. கம்பு இறங்கினால் கடல் ஏறின மாதிரிப் பொய்யாகத் தெரியும் அல்லவா? ஆகவே "ஒவ்வோர் அளவிலும் ஆறு மில்லி கழித்து எழுதவும்" என்று முத்திரை குத்திய கடிதம் வந்தது. அன்றிலிருந்து கம்பைப் பார்ப்பாள், மனசுக்குள் ஆறு கழிப்பாள், எழுதுவாள். அதுவரை எல்லாம் சரி.

மூன்று வருடம் கழித்துச் சராசரி போட்டுப் பார்த்தாள். கடல் ஒன்பது மில்லி கூடியிருந்தது. "இதென்னடா கூத்து" என்று மறுபடி கூட்டினாள். ஒன்பதுதான். கடல் எங்கேயாவது ஏறுமா? படகுத்துறை சேற்றின் மேல் நிற்கிறது, கம்பு இன்னும் இறங்கியிருக்கிறது என்று முடிவு செய்தாள். குழுவை அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டாள். பதில் இல்லை. குழுவையே கலைத்துவிட்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் வருகிறவரைக்கும் கணக்கு கெட்டுப் போகக்கூடாதே என்ற கவலையில், ஒரு நீல நோட்டில் தேதி போட்டு "திருத்தம் 6 + 9 = 15" என்று குறித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து பதினைந்து கழித்தாள். அடுத்த மூன்று வருடத்தில் பதினொன்று கூடியது. இன்னொரு கடிதம், நோட்டில் இன்னொரு வரி. இப்படி ஏழு கடிதம் போட்டாள், ஏழு வரி எழுதினாள். கடைசி வரியில் எண்பத்து மூன்று என்று இருந்தது.

அவள் அனுப்பிய பதிவேடுகளின்படி அந்த ஊர்க் கடல் இருபத்திரண்டு வருடமாக இருந்த இடத்தில் பலகை மாதிரிக் கிடந்தது. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. நீல நோட்டு கொட்டகை இழுப்பறையில், டீத்தூள் டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

அவளுடைய தங்கை கீழ்த்தெருவில் இருந்தாள். தையல்காரி. முன் அறையில் தையல் மெஷின், பின்னால் சமையலறை, சமையலறை மூலையில் சாக்கடைத் துவாரம். தொல்லை அந்தத் துவாரத்தில் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வருடமாக, பௌர்ணமி அமாவாசையை ஒட்டி, வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளில்கூடத் தண்ணீர் அதன் வழியாக மேலே வரும். முதலில் துவாரத்தைச் சுற்றி ஈரம். பிறகு ஒரு தட்டளவு. பிறகு முன் அறை வரைக்கும். மெஷினின் காலுக்குக் கீழே செங்கல் வைத்தாள், பிறகு அதன் மேல் இன்னொன்று. இப்போது மூன்று. மெஷின் உயர உயர நாற்காலிக்கும் தலையணை போட்டு, கால் தரையில் படாமல், கப்பல் ஓட்டுகிறவள் மாதிரி உட்கார்ந்து தைப்பாள்.

"அக்கா, கடல்தான் உள்ள வருது" என்பாள் தங்கை.

"கடல் ஒரு மில்லி கூட ஏறலைடி. நான் தினம் அளக்கிறேன். உன் சாக்கடைதான் அடைச்சிருக்கு. குத்து."

தங்கை ஒரு நீள இரும்புக் கம்பி வாங்கினாள். மாதம் இரண்டு தடவை துவாரத்தில் விட்டுக் குத்துவாள். குத்திக் குத்திக் கம்பியின் பிடி அவள் கைக்குத் தேய்ந்து பளபளத்தது. நகராட்சிக்கு எழுதினாள். 'கடல்மட்டத்தில் மாற்றம் இல்லையெனத் துறைமுகப் பதிவேடு தெரிவிப்பதால்' என்று தொடங்கி அழகாகப் பதில் வந்தது. அக்கா எழுதின எண்ணே தங்கையின் முகத்தில் கதவைச் சாத்தியது. எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள்: "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு ஊரு உலகம் சொல்லும். எங்க அக்கா கிட்ட போனா, எத்தனை மில்லி தலைக்கு மேலன்னு கேப்பா."

இந்த நிலையில் கீழ்த்தெருவுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த பழைய தடுப்புச்சுவர் வெடித்தது. புதுச்சுவர் கட்ட வேண்டும். எவ்வளவு உயரம்? தலைமைப் பொறியாளர் மில்லியக்காவின் பதிவேட்டைப் புரட்டினார். கடல் ஏறவில்லை, ஆகவே பழைய உயரமே போதும் என்றார். வியாழக்கிழமை கூட்டத்தில் கையெழுத்துப் போட்டால் மறுநாள் கான்கிரீட். கட்டினால் அறுபது வருடத்துக்கு அதுதான் சுவர்.

திங்கட்கிழமை காலை ஒருவர் வந்து இறங்கினார். உலகத்துத் துறைமுகங்களிலிருந்தெல்லாம் கடல்மட்டக் கணக்கைத் திரட்டி வைக்கும் நிலையத்தின் ஆய்வாளர். வெயிலுக்குப் பெரிய வட்டத் தொப்பி போட்டிருந்ததால் துறைமுகத்தார் பத்து நிமிடத்தில் அவருக்குத் தொப்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"உங்களுக்கு வடக்க ஏறுது, தெற்க ஏறுது. மேல இருந்து செயற்கைக்கோள் பார்த்தாலும் ஏறுது. உங்க ஊர்ல மட்டும் கோடு நேரா படுத்துக் கிடக்கு. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்மா" என்றார்.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவன் குறுக்கே புகுந்தான். "கடல் ஏன் சார் ஏறணும்? யாரு ஊத்துறா?"

"நாமதான். புகையை விட்டு விட்டுப் பூமிக்கு மேல ஒரு போர்வை போர்த்தி வெச்சிருக்கோம். அந்தச் சூட்டுல முக்காலே மூணு வீசம் கடலுக்குள்ள போகுது. தண்ணி சூடானா கொஞ்சம் பெருக்கும். அது ஒண்ணு. அப்புறம், தரை மேல கிடக்கிற பனி உருகிக் கடல்ல சேருது. அது ரெண்டு. வருஷத்துக்கு மூணு, நாலு மில்லி. கேட்டா சிரிப்பா இருக்கும்."

"எங்க அக்காவுக்குச் சிரிப்பு வராது. மில்லின்னா உசிரு" என்றான் அவன்.

மில்லியக்காவுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அம்மாடி, இருபத்திரண்டு வருடம் கழித்துக் கம்பை அளக்க ஒருத்தர் வந்தாரே! எண்பத்து மூன்று இறங்கியிருக்கிறது என்று இவர் வாயால் சொல்லட்டும், அப்போது நீல நோட்டை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். பித்தளைக் குமிழைத் தன் முந்தானையாலேயே துடைத்துக் கொடுத்தாள்.

தொப்பி முக்காலியை நிறுத்தினார். பாறையிலிருந்து கம்பு வரைக்கும் பார்த்தார், திரும்பக் கம்பிலிருந்து பாறை வரைக்கும் பார்த்தார். பழைய கடிதத்தை வாங்கிப் படித்தார். நிமிர்ந்தவர் முகம் மலர்ந்திருந்தது.

"அபாரம்மா. அன்னைக்கு ஆறு மில்லி இறங்கினதோட சரி. அதுக்கப்புறம் ஒரு மில்லி கூட அசையலை."

"இன்னொரு தடவை பாருங்க சார்."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"மூணாவது தடவை பாருங்க."

பார்த்தார். கம்பு அசையவில்லை.

கம்பு இறங்கவில்லை என்றால் அவள் கழித்தது எதை? ஆறு போக மிச்சம் எழுபத்தேழு மில்லியும் கடல். வருடக்கணக்காகக் கடல் ஏறிவந்து கம்பைத் தொட்டுக் காட்டியது, இவள் தன் கையாலேயே அதைத் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறாள். நீல நோட்டை எடுக்க அவள் போகவில்லை.

கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ. தொப்பி கேட்கவில்லை. அவர் தன் சந்தோஷத்தில் இருந்தார். "அப்போ உங்க கணக்கு சரிதான். சில இடத்துல கடல் ஏற ஏறத் தரையும் கூடவே எழும்பும். அதனால ஏறினது தெரியாது. இங்கயும் அப்படித்தான் இருக்கணும். அதை அப்புறம் வேற கருவி வெச்சுப் பார்த்துக்கலாம்." ஒரு படிவத்தை நீட்டினார். 'திருத்தம்' என்ற கட்டத்தில் அவரே ஆறு என்று எழுதியிருந்தார். மில்லியக்கா கையெழுத்துப் போட்டாள். வாழ்நாளில் அவள் அறிந்து போட்ட ஒரே பொய்க் கையெழுத்து அது. தலைமைப் பொறியாளருக்குச் செய்தி போனதும் அவர் குதித்தார். "நம்ம ஊர்த் தரையே எழும்புதாம்யா! சுவரே தேவையில்லன்னு சொல்லாம இருந்தாச் சரி."

புதன்கிழமை நடுப்பகலில் தங்கை ஆள் அனுப்பினாள், உடனே வரச்சொல்லி. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. கீழ்த்தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் தண்ணீர் மின்னியது. தங்கை சமையலறையில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கண்ணாடி டம்ளர்.

"இதைப் பாரு."

டம்ளரில் நகக்கண் அளவு மீன் ஒன்று துடித்து நீந்தியது.

"சாக்கடையில மீன் பிடிச்சிருக்கேன். தண்ணியை நாக்குல வெச்சுப் பார்த்தேன், உப்பு கரிக்குது. இப்பச் சொல்லு. குத்தணுமா?"

மில்லியக்கா குனிந்து பார்த்தாள். அந்தத் துவாரத்திலிருந்து தண்ணீர், கொட்டகைக் குழாயில் ஏறுவது போலவே சாதுவாக ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் சாத்தியிருந்த இரும்புக் கம்பியைப் பார்த்தாள். மூன்று செங்கல்லைப் பார்த்தாள். தங்கை வீட்டில் இருந்ததெல்லாம் சரியான கணக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது. "சாயங்காலம் இறங்கிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், வேகத்தில் நம்பிக்கை இல்லாதவர். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நுணலும் தன் வாயால கெடும். யாரும் உன்னைக் கேக்கலை. கம்பு சரின்னு அவரே சொல்லிட்டாரு. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு, மரியாதையோட முடிச்சுட்டு வா."

"எனக்கு அஞ்சு வருஷம். சுவருக்கு அறுபது வருஷம்."

"நல்ல பேரு போயிடும்டி."

"போகும்."

அவர் முகவாயைத் தடவினார். "சரி, அந்த நோட்டை எங்க வெச்சிருக்க? பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை கூட்டம் நகராட்சி மாடியில். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், சத்தம் போடும் மின்விசிறி. கீழ்த்தெருக்காரர்கள் பத்துப் பேர் பின் வரிசையில். தங்கையும் இருந்தாள். பொறியாளர் பேனாவைத் திறந்தபோது மில்லியக்கா எழுந்தாள்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. என் கணக்கு தப்பு."

நீல நோட்டை மேஜையில் வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். திங்கட்கிழமை தெரிந்தே கையெழுத்துப் போட்டதையும் விடவில்லை. சொல்லி முடிக்க நாலு நிமிடம் ஆனது.

பொறியாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "பத்தொன்பது வருஷமா கடலை நீங்களே புடிச்சு நிறுத்தி வெச்சிருந்தீங்களாக்கும்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைம்மா இது!"

"மறைக்கல சார். அதைப் பூசணிக்காய்ன்னே எனக்குத் தெரியல."

தொப்பி அதற்குள் நோட்டைப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு வரியிலும் தேதி, பழைய திருத்தம், புதுத் திருத்தம், கீழே கையெழுத்து. மடிக்கணினியைத் திறந்து, பதிவேட்டு எண்களோடு அந்தந்தத் தேதிக்கு உரிய எழுபத்தேழையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்தார். படுத்துக் கிடந்த கோடு எழுந்து, வடக்கே தெற்கே உள்ள துறைமுகங்களின் கோடுகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. தரை எழும்பவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இந்த நோட்டு இல்லேன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட்டிருக்கணும். எதைக் கழிச்சோம்னு தேதி போட்டு எழுதி வெச்சதால பொழைச்சோம். ஆனா அம்மா, திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் மில்லியக்கா.

சுவரின் உயரத்தை மறுபடி கணக்கிட்டார்கள். இதுவரை ஏறினது, இனி ஏறப்போவது, புயல் நாளில் தள்ளிவரும் தண்ணீர் என்று எல்லாம் சேர்ந்து, பழையதைவிட இரண்டு முழம் கூடுதலாகப் போனது. சாக்கடை வாய்களில் கடல் திரும்பி வராதபடி மடக்குக் கதவும் போடுவதாக எழுதிக்கொண்டார்கள்.

பின் வரிசையிலிருந்து தங்கை எழுந்து வந்தாள். அவள் வந்த வேகத்தைப் பார்த்துப் பொறியாளரே நாற்காலியை நகர்த்தினார்.

"நான் அரை அங்குலம் தப்பா வெட்டினா, துணியைத் தூக்கி என் மூஞ்சில எறிவாங்க. பன்னெண்டு வருஷம் குத்த வெச்சியே, உன்னை என்னக்கா பண்றது?"

பதிலுக்கு நிற்காமல் தங்கை படியிறங்கிப் போய்விட்டாள்.

மில்லியக்காவை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அந்த ஊரில் அந்தக் கம்பைப் படிக்க வேறு ஆள் இல்லை. அதற்குப் பதிலாக, இனி அவள் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் குமாஸ்தா ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அது அவளை உத்தரவு போட்டவர்கள் நினைத்ததைவிட ஆழமாக வெட்டியது. படகுத்துறைப் பையன்கள் பட்டப்பெயரையும் மாற்றிவிட்டார்கள். "என்ன எண்பத்து மூணு, சாப்பிட்டாச்சா?" என்றான் கயிறு சுற்றுகிறவன். "ஆச்சு" என்றாள். கோபித்துக்கொள்ள அவளுக்கு முகம் இல்லை.

தங்கை ஏழு வாரம் பேசவில்லை. மில்லியக்கா இரண்டு தடவை கீழ்த்தெருவுக்குப் போனாள். மெஷின் சத்தம் கேட்கும், கதவு திறக்காது. மூன்றாவது தடவை போகவில்லை. சுவர் எழும்பியது. மடக்குக் கதவு வந்து பொருத்தினார்கள். ஒரு பௌர்ணமி போயிற்று, ஒரு அமாவாசையும் போயிற்று.

அதற்கடுத்த வாரம், காலை பத்து மணி அளவுக்காகப் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. தங்கை. தோளில் இரும்புக் கம்பி. துறைமுக வாசலிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள், வியர்த்துக் கொட்டியது. உள்ளே வந்து கம்பியை அளவுக் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் சாத்தினாள்.

"இனி எனக்கு இது வேணாம். நீ வெச்சுக்கோ. தினம் கண்ணுல படட்டும்."

"உக்காரு. டீ போடறேன்."

"மெஷின்ல துணி கிடக்கு" என்றாள் தங்கை. ஆனால் நகரவில்லை. குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கொட்டகைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. "எவ்வளவு இருக்கு இப்ப?"

மில்லியக்கா குனிந்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். "ஆயிரத்து நாநூத்துப் பதினாறு. கடிதத்துல சொன்ன ஆறைக் கழிச்சா ஆயிரத்து நாநூத்துப் பத்து."

"வேற எதுவும் கழிக்கலையே?"

"இல்லடி."

"எழுது, நான் பார்க்கிறேன்."

மில்லியக்கா எழுதினாள். குமாஸ்தா கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தைத் தங்கை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க யாரு போடணும்?" என்று கேட்டாள். யார் என்று மில்லியக்கா சொன்னாள். அவர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றும் சொன்னாள். தங்கை தலையைக் குனிந்து கம்பில் தண்ணீர் தொட்ட கோட்டைத் தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, டீக்காக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.